பகலில் மட்டும் தெரியும் வெள்ளைக் கோடு

வடக்கில் வீதியும் ஓர் அரசியல் விவகாரம்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் சீனி என்ன விலைக்குப் போனது என்று இன்றும் சொல்லக்கூடியவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். போர் முடிந்ததும் அதே வீதிக்குச் சீனக் கடனில் காபெட் போடப்பட்டது. காணியைக் கேட்டபோதும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டபோதும் எங்களுக்குக் காட்டப்பட்டது அந்தக் கறுப்பு வீதி. அதனால் வீதியைப் பற்றிப் பேச எங்களில் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. குறை சொன்னால் நன்றி கெட்டவர்கள் என்பார்கள். புகழ்ந்தால் விலைபோனவர்கள் என்பார்கள்.

இப்போது மீண்டும் வீதிகளின் காலம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்ரெம்பர் 2 ஆம் திகதி ஜனாதிபதி வட்டுவாகல் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2009 மே மாதத்தில் எங்கள் சனம் எந்தப் பாலத்தால் கடந்து வந்தது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நாடு முழுவதும் வீதிகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. கிளிநொச்சிப் பக்கம் ஏ35 வீதியில் இந்தியா தந்த இரும்புப் பெய்லி பாலம் பொருத்தப்பட்டது. இனி வரும் மாதங்களில் திருத்த வேலைகள், கேள்விப்பத்திரங்கள், திறப்பு விழாக்கள் என்று பல நடக்கும்.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் கடைசியாகச் செய்யப்படுவது கோடு போடுவது. நடுக்கோடு, ஓரக்கோடு, பாதசாரிக் கடவை. பணம் தட்டுப்பட்டால் முதலில் வெட்டப்படுவதும், ஏமாற்ற நினைத்தால் மிகச் சுலபமாக ஏமாற்றக்கூடியதும் இதுதான். காபெட் மெல்லியதாக இருந்தால் ஒரு மாரியில் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கோட்டில் செய்யும் களவு பகலில் தெரியாது. திறப்பு விழாக்களும் பகலில்தான் நடக்கின்றன.

கோடு யாருக்காக என்று முதலில் பார்ப்போம். கார்காரருக்கு என்று நினைத்தால் பாதிதான் சரி. வன்னியின் நேரான, விளக்கில்லாத வீதிகளில் இரவு எட்டு மணிக்கு ஓரத்தில் போகிறவர்கள் யார்? தையல் வேலை முடிந்து லைற் இல்லாத சைக்கிளில் வீட்டுக்குப் போகும் பெண்கள். ரியூசன் முடிந்த பிள்ளைகள். ஒரு காலை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்து, கையால் சுற்றும் மூன்று சில்லு வண்டியில் போகிறவர்கள். எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில் சாரதியின் கண் கூசும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில், வீதி எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று அவருக்குச் சொல்லக்கூடியது இடது பக்க ஓரக்கோடு ஒன்றுதான். இலங்கையில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள். கொத்மலை, எல்ல போன்ற பெரிய பஸ் விபத்துகள் செய்தியாகின்றன. சைக்கிள்காரர் ஒருவரின் சாவு உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரிதான்.

நிறம் பூசிய அடையாளங்களை நம்பி நடப்பது எங்களுக்குப் புதிதல்ல. மீள்குடியேறிய புதிதில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கும் சிவப்புக் குச்சிக்கும் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குச்சி சரியான இடத்தில் நடப்பட்டதா என்பதில் உயிர் இருந்தது. வீதிக்கோட்டை நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அதை அழகுக்குப் போட்டது என்று நினைக்கிறோம்.

அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது? இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சாதாரணத் திரவப் பெயின்ற். பிசின், நிறத்தூள், காய்ந்து பறந்துபோகும் கரைப்பான். ஈரமாகப் போடும்போது அரை மில்லிமீற்றரும் இராது; காய்ந்தால் அதில் பாதி. வாகனம் குறைந்த உள்வீதிக்கு அது பரவாயில்லை. லொறியும் பஸ்ஸும் ஓடும் வீதியில் சில மாதங்களில் தேய்ந்துவிடும். மற்றது தெர்மோபிளாஸ்டிக். பை பையாகத் தூளாக வரும். பெரிய கொதிகலனில் 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை உருக்கி, கூழ் பதத்தில், தள்ளுவண்டி போன்ற ஒரு பெட்டியால் வீதியில் இழுப்பார்கள். ஒன்றரை முதல் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. ஆறினதும் தாரோடு ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காகப் போட்டால் பல வருடங்கள் நிற்கும். பிரதான வீதிகளில் விரல் வைத்தால் மேடாகத் தட்டுப்படுவது இந்தக் கோடுதான்.

அந்தப் பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் பின்பற்றப்படும் ஆஷ்டோ எம் 249 என்ற தர விதி ஒரு நல்ல அளவுகோல். வெள்ளைக் கோட்டுக்கான 100 கிலோவில் பிசின் குறைந்தது 18 கிலோ. சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் 30 முதல் 40 கிலோ. டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெண்ணிறத் தூள் குறைந்தது 10 கிலோ. மீதிக்குச் சுண்ணாம்புக்கல் தூள் போன்ற நிரப்பி. அது 42 கிலோவைத் தாண்டக்கூடாது. பாருங்கள், நாங்கள் பெயின்ற் என்று சொல்லும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி.

வாகன லைற்றின் ஒளி கோட்டில் பாதி புதைந்திருக்கும் கண்ணாடி மணிக்குள் நுழைகிறது, வளைகிறது, மணியின் அடியில் உள்ள வெள்ளையில் படுகிறது, வந்த வழியே சாரதியின் கண்ணுக்குத் திரும்புகிறது. மணி இல்லாத கோட்டில் ஒளி எல்லாத் திசையிலும் சிதறிப்போகும். சாரதிக்கு மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். மணியின் அடியில் நல்ல வெள்ளை இல்லாவிட்டாலும் அதே கதிதான். நிரப்பியில்தான் முதல் களவு நடக்கிறது. சுண்ணாம்புத் தூளும் வெள்ளை, டைட்டேனியம் தூளும் வெள்ளை, பிறகென்ன என்று கேட்கலாம். வெள்ளை வேட்டி மழையில் நனைந்தால் ஊடுருவித் தெரிகிறதல்லவா, அதே கதைதான். சுண்ணாம்புத் தூள் காற்றில் வெள்ளை. பிசினுக்குள் போனதும் அது நனைந்த வேட்டி. ஒளியைத் திருப்பி அனுப்பும் வலு அதற்குக் குறைவு. டைட்டேனியம் தூள் பிசினுக்குள் போனாலும் வெள்ளையாகவே நிற்கும். விலையும் அதற்குத்தான். பத்துக் கிலோ போட வேண்டிய இடத்தில் மூன்று கிலோ போட்டு, மிச்சத்தைச் சுண்ணாம்பால் நிரப்பினால், போட்ட அன்று பகலில் படம் எடுக்க அது போதுமான வெள்ளையாக இருக்கும்.

இரண்டாவது களவு மணிகளில். மணிகள் இரண்டு தரம் போடப்பட வேண்டும். ஒரு பங்கு தூளோடு கலந்தே வரும். இன்னொரு பங்கை, கோடு இழுத்த சில வினாடிகளுக்குள், அது சூடாக இருக்கும்போதே மேலே தூவ வேண்டும். மேலே தூவியதுதான் முதல் இரவிலிருந்து ஒளிரும். உள்ளே கலந்தது, மேற்பரப்பு தேயத் தேய வெளியே வந்து பிறகு ஒளிரும். மேல் மணியில் மிச்சம் பிடித்தால் புதுக்கோடு முதல் இரவிலேயே மங்கலாக இருக்கும். யாராவது கவனித்தால் பிடிபடும். உள் மணியில் மிச்சம் பிடித்தால் ஆரம்பத்தில் எல்லாம் ஜொலிக்கும், சில மாதங்களில் அணைந்துவிடும். அதற்குள் பில் கட்டுப்பட்டிருக்கும். எனக்கு இரண்டாவது களவுதான் அதிக பயத்தைத் தருகிறது.

களவே இல்லாமலும் பிழைக்கலாம். கூழ் அதிகம் சூடாக இருக்கும்போது மணியைத் தூவினால் அது முழுதாக மூழ்கிவிடும். ஆறிய பிறகு தூவினால் மேலே உருண்டு நின்று முதல் நாள் ரயரிலேயே பறந்துவிடும். பாதிக்குச் சற்று மேல் புதைந்தால்தான் சரி. இருநூறு பாகைக்கு மேல் கருக விட்டால் பிசின் பழுப்பாகி, கோடும் பழுப்பாகும். வீதியில் ஈரமோ கிரவல் தூசியோ இருந்தால் கோடு ஒட்டாமல் தகடு தகடாகப் பெயரும். எங்கள் பக்கம் ஒவ்வொரு பக்க ஒழுங்கையும் கிரவல் ஒழுங்கை. அங்கிருந்து ஏறிவரும் உழவு இயந்திரம் சிவப்புத் தூசியைக் கோட்டில் அப்பிவிட்டுப் போகும். சேற்றுக்குப் பூட்டிய இரும்புச் சில்லைக் கழற்றாமல் ஏறினால் கோட்டையே வழித்துக்கொண்டு போகும். பெரும்போக அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். ஓரக்கோடு நெல்லுக்குக் கீழே. விவசாயிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காயப்போடத் தளம் இல்லாதவர் வேறு எங்கே போவார்? ஆனால் கோட்டின் ஆயுளைக் கணக்குப் போடும் பொறியியலாளர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மழை வேறு கதை. தண்ணீர்ப் படலம் மணிகளை மூடினால் ஒளி மணிக்குள் போகாமல் தண்ணீரில் வழுக்கி முன்னே போய்விடும். எங்களுக்கு மழை மாதங்களான ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை, கோடு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கோடு இருக்காது. தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் பெரிய மணிகள், மேடு மேடாக இழுக்கும் கோடு, வீதியில் பதிக்கும் பூனைக்கண் என்று இதற்குத் தீர்வுகள் உண்டு. செலவு கூட. வெள்ளம் குறுக்கறுக்கும் வீதிகளிலும் குளக்கட்டு வீதிகளிலும் வளைவுகளிலுமாவது போடலாம்.

சில வாரங்களுக்கு முன்னர் வன்னியின் பிரதான வீதி ஒன்றில் இரவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த வீதி என்று சொன்னால் அது அந்த ஒரு வீதியின் குறையாகச் சுருங்கிவிடும், அதனால் சொல்லவில்லை. ஐரோப்பாவில் கோட்டின் இரவு வெளிச்சத்தை அளக்கும் கருவி, 30 மீற்றர் தூரத்தில் உள்ள கோடு காரோட்டியின் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. என்னிடம் கருவி இல்லை. மோட்டார் சைக்கிள் லைற் இருந்தது, 30 மீற்றரை அடியால் அளந்தேன். நடுக்கோடு ஓரளவு தெரிந்தது. ஓரக்கோடு, பகலில் அதே இடத்தில் பளிச்சென்று நின்ற கோடு, தாரின் நிறமாகிவிட்டிருந்தது. விரலால் தடவினால் வழவழப்பு. மணி இருந்தால் அரத்தாள் போல் சற்றுச் சொரசொரக்கும். இது விஞ்ஞான சோதனை அல்ல. ஆனால் கருவி வைத்திருப்பவர்கள் அளந்த கணக்கைப் பொதுமக்களுக்குக் காட்டும்வரை எங்களிடம் இருப்பது லைற்றும் விரலும்தான். அமெரிக்காவில் 2022 இல் மத்திய வீதி நிர்வாகம் இதை விதியாகவே கொண்டுவந்தது. மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேல் வேக எல்லையுள்ள வீதிகளில் கோட்டின் இரவு வெளிச்சம் அவர்களின் அளவில் 50 இற்குக் கீழே போகாமல் பராமரிக்க வேண்டும். போட்ட அன்று எவ்வளவு என்பதோடு அந்த விதி நிற்கவில்லை. தேய்ந்த பிறகு எவ்வளவு என்றும் கேட்கிறது.

இனி அந்த வெள்ளைத் தூளுக்கு வருவோம், ஏனென்றால் அதற்கும் எங்கள் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. டைட்டேனியம் டையொக்சைட் எடுக்கப்படும் முக்கியமான கனியம் இல்மனைட். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் பெரும்பங்கு அதுதான். 1957 இல் அதற்கென்றே கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1997 செப்ரெம்பரில் அங்கே இல்மனைட் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் கடற்புலிகளால் தாக்கப்பட்டது. அதன் பிறகு ஏற்றுமதி நீண்ட காலம் தடைப்பட்டது. போருக்குப் பிறகு மணல் மீண்டும் கப்பலேறுகிறது. மணலாகவே போகிறது. வெளிநாட்டில் வெள்ளைத் தூளாகி, பல மடங்கு விலையில், உலகமெங்கும் சுவருக்கும் வீதிக்கும் போகிறது. உலகில் எடுக்கப்படும் டைட்டேனியக் கனியத்தின் மிகப் பெரும்பகுதி இப்படி நிறத்தூளாகத்தான் முடிகிறது. விமானத்துக்கும் செயற்கை மூட்டுக்கும் போவது சிறு பங்கு.

இப்போது மன்னார்த் தீவில் அதே மணல் மீது கண். 2025 ஓகஸ்டில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கியது நினைவிருக்கும். தோண்டினால் கடல் உள்ளே வரும், நல்ல தண்ணீர் போகும் என்பது அவர்கள் பயம். தாழ்வான மணல் தீவில் அது நியாயமான பயம். அப்படியானால் இங்கேயே தொழிற்சாலை போட்டு வெள்ளைத் தூள் செய்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்துக் கடலோரத்தில் அப்படி ஒரு பழைய தொழிற்சாலை இருக்கிறது. அதன் அமிலக் கழிவு பற்றி அங்குள்ள மீனவர்கள் பல பத்தாண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். சுலபமான விடை இல்லை. என் பார்வையில், ஒரு கரையின் தண்ணீரைப் பணயம் வைத்து எடுக்கப்படும் வெள்ளைக்கு வீதியில் எவ்வளவு கிலோ உண்மையாகப் போகிறது என்ற கணக்காவது யாரிடமாவது இருக்க வேண்டும்.

மஞ்சளுக்கு வேறு பிரச்சினை. கடவைகள் இப்போது பெரும்பாலும் வெள்ளையாகிவிட்டன; ஆனாலும் நாங்கள் மஞ்சள் கடவை என்றே சொல்கிறோம். நகரங்களில் தரிப்பிடத் தடைக் கோடுகள் இன்னும் மஞ்சள்தான். தெர்மோபிளாஸ்டிக் கொதிக்கும் சூட்டில் பல மஞ்சள் சாயங்கள் நிறம் மாறிவிடும். மாறாமல், வெயிலுக்கும் வெளிறாமல், மலிவாகவும் நிற்பது ஈயக் குரோமேற்று. ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடு தேயும்போது அது எங்கே போகிறது? தூசியாகி ஓரத்துக்குப் போகிறது. பள்ளிக்கூட வாசல் மண்ணுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் ஈயக் குரோமேற்றை விசேட அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடாத பொருளாக்கியது. அதற்குப் பிறகும் ஐரோப்பிய நகரங்களின் மஞ்சள் கோடுகளில் ஆய்வாளர்கள் ஈயத்தைக் கண்டிருக்கிறார்கள். இலங்கையில் சுற்றாடல் நீதிக்கான மையம் உயர் நீதிமன்றம் வரை போனதன் பலனாக, 2013 ஜனவரி 1 முதல் பெயின்ற்றில் ஈயத்துக்கு வரம்பு வந்தது. அது நல்ல வெற்றி. ஆனால் அந்த விவாதம் வீட்டுச் சுவர், கதவு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. பள்ளிக்கூட வாசலில் தேயும் கோட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

யாரிடம் கேட்பது என்பதிலும் வடக்குக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஏ, பி வகை வீதிகள் கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். சி, டி வகை மாகாணத்தின் கீழ். உள்வீதிகள் பிரதேச சபையின் கீழ். 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்ததால் பிரதேச சபையில் ஓர் உறுப்பினரையாவது வழியில் மறித்துக் கேட்கலாம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஊரையும் நகரத்தையும் இணைக்கும் சி, டி வீதிகளுக்கு, அதாவது பிள்ளைகள் சைக்கிளில் போகும் பெரும்பாலான வீதிகளுக்கு, நாங்கள் வாக்களித்த ஒருவரும் பொறுப்பில்லை. மாகாண சபைத் தேர்தல் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதிகாரப் பகிர்வு பற்றிய நீண்ட விளக்கத்தைவிட இது சுலபமாக விளங்கும் என்று நினைக்கிறேன். நானும் ஓர் அலுவலகத்தில் கோட்டின் தர விபரம் கேட்டேன். கோவை வேறு இடத்தில் இருக்கிறது என்றார்கள். அந்த வேறு இடத்தில், அது ஒப்பந்தகாரரிடம் இருக்கும் என்றார்கள்.

வாயால் கேட்டால் இப்படித்தான். எழுதிக் கேட்டால் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. உங்கள் ஊர் வீதிக்குக் கோடு போடப்பட்டிருந்தால் இந்த விடயங்களைக் கேளுங்கள்: திரவப் பெயின்றா தெர்மோபிளாஸ்டிக்கா, எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு, நூறு கிலோவில் டைட்டேனியம் எவ்வளவு, கண்ணாடி மணி எவ்வளவு, ஆய்வுகூட அறிக்கையின் பிரதி, மேலே மணி தூவப்பட்டதா, சதுர மீற்றருக்கு எத்தனை கிராம், இரவு வெளிச்சம் எப்போது, என்ன அளவில் அளக்கப்பட்டது, ஒரு வருடத்துக்குப் பிறகு மீண்டும் அளக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் உண்டா, மஞ்சள் என்றால் ஈயப் பரிசோதனை செய்யப்பட்டதா. கடிதத்தைத் தமிழில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தருகிறார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். வட்டுவாகல் பாலத்தில் இன்னும் கோடு போடப்படவில்லை. அதற்கான கடிதத்தை இப்போதே அனுப்பலாம்.